வெட்டக்கூடாத அழைப்பு

சாமத்திய வீடு, கலியாணம், கோயில் திருவிழா என்று எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரு வடையை நிம்மதியாகத் தின்ன எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருப்பவர் பொக்கெற்றுக்குள் கையை விட்டாலே எனக்கு விளங்கிவிடும். "அண்ணை, நீங்கள் போன் கடையில நிண்டனீங்கள் எல்லோ? உது நல்லதோ, இல்லாட்டி மற்றதை எடுத்திருக்கலாமோ?" என்று கேட்டு, வடை எண்ணெய்க் கையில் போனையும் வைத்துவிடுவார். சுவிஸ் நாட்டு லுசேர்ணில் பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்துவிட்டு ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவன் நான். டொக்டர்மாருக்கும் எனக்கும்தான் இந்தக் கதி. டொக்டரிடம் கேட்கவாவது சிலர் கூச்சப்படுவார்கள்.

நான் நேரே மறுமொழி சொல்வதில்லை. "உங்களுக்கு ஆர் போன் எடுக்கிறவை?" என்று திருப்பிக் கேட்பேன். கமெரா எத்தனை, திரை எவ்வளவு பெரிது என்று கதைக்க ஆயத்தமாக வந்தவர் முழிப்பார். உங்களை அழைப்பவர்கள் யார் என்ற அந்தக் கேள்வி என்னுடையதல்ல. எனக்கு மேலாளராக இருந்த பிரவ் ஓடர்மாட்டின், அதாவது திருமதி ஓடர்மாட்டின், கேள்வி அது.

போன மாதம் பழைய கடைப்பக்கம் போனேன். வாடிக்கையாளரை இருத்திக் கதைக்கிற மேசையைத் தூக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை நிற்கிறது. விரும்பிய இரண்டு போன்களைத் தொட்டால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டும். கமெரா, நினைவகம், பற்றரி, நிறம், எல்லாம் இருக்கிறது. மணி எவ்வளவு சத்தமாக அடிக்கும் என்று தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு வரியே இல்லை. வீட்டுக்கு வரும் பஸ்சில் எனக்குப் பரமலிங்கம் அண்ணையின் ஞாபகம் வந்தது. இதை எழுதி வைக்கலாம் என்று அப்போதுதான் நினைத்தேன்.

நான் போன் கடைக்கென்று படித்து வந்தவனல்ல. எண்பதுகளில் டாவோசில் ஒரு ஹொட்டேலில் கோப்பை கழுவினேன். பிறகு லுசேர்ணுக்கு வந்து இன்னொரு ஹொட்டேலில் அதே கோப்பைகளைக் கழுவினேன். கடைசியில் சோப்புத் தண்ணீர் என் கைகளைத் தின்றுவிட்டது. விரல் நுனியெல்லாம் வெடித்து இரத்தம் கசியும். இனித் தண்ணீர் வேலை கூடாது என்று டொக்டர் சொல்லிவிட, வேலை தேடித் தரும் அலுவலகம் என்னை ஒரு விற்பனைப் பயிற்சிக்கு அனுப்பியது. 2009இல், ஐம்பதைத் தொட ஒரு வயது இருக்கையில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போன் கடையில் போய் நின்றேன். தமிழ் வாடிக்கையாளர்கள் நிறைய வருகிறார்கள், தமிழ் கதைக்கிற ஒருவர் நின்றால் நல்லது என்று நினைத்து எடுத்திருக்கிறார்கள்.

பொத்தான் இல்லாத போன்கள் கடைகளுக்குள் வந்து குவியத் தொடங்கிய காலம் அது. முதல் நாள் ஒன்றைக் கையில் எடுத்துத் தொட்டேன், அசையவில்லை. அழுத்தினேன், அப்போதும் இல்லை. என் காய்ந்த விரலை அந்தக் கண்ணாடி ஒரு விரலாகவே மதிக்கவில்லை. பிரவ் ஓடர்மாட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையான உருவம், குட்டைத் தலைமயிர், எதையும் அவசரப்பட்டுச் செய்யாத மனுஷி. "நல்லது, இதைத் தொடமுடியாத ஒருவர் கடையில் இருக்கத்தான் வேண்டும்" என்றார். கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அவர் கேலி செய்கிற ஆள் இல்லை என்று தெரிந்தது.

அவரிடம் ஒரு முறை இருந்தது. வருகிறவர் எந்தப் போனைக் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்கமாட்டார். முதலில் இருத்துவார். பழைய போனை மேசையில் வைக்கச் சொல்வார். அதைத் தொடமாட்டார், பார்ப்பார். எந்த எண் தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் கீறல், காது படுகிற இடத்தில் பவுடர் அப்பியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் யார் போன் எடுக்கிறவர்கள் என்ற கேள்வி வரும். அதன் பிறகு, புதுப் போனைக் கையில் கொடுத்து வெளியே பஸ் தரிப்பிடத்தில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே இருந்து தானே அழைப்பார். பஸ் இரைச்சலுக்குள் மணி கேட்கிறதா, எடுக்கத் தெரிகிறதா, குரல் விளங்குகிறதா? இந்த மூன்றும் சரியென்றால்தான் கமெராவைப் பற்றிக் கதைக்க விடுவார். "முதலில் அது போனாக இருக்கட்டும், பிறகு என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்" என்பார்.

பழம்பஞ்சாங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முறை மலைப்பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய விரல்கள் என்னுடையதைவிட மோசம், மாட்டுக் கொம்பு மாதிரி. கண்ணாடித் திரை அசையவில்லை. சிரித்துக்கொண்டு பொத்தான் போன் ஒன்றை வாங்கிப் போனார். அடுத்த மாரியில் திரும்பி வந்தார். மாட்டுக்கொட்டிலில் கமெரா பூட்டியிருக்கிறார், பசு கன்று போடுவதைப் படுக்கையிலிருந்தே பார்க்கவேண்டுமாம். பிரவ் ஓடர்மாட் மறுபேச்சில்லாமல் நல்ல ஸ்மார்ட்போன் ஒன்றையும், திரை தொடுகிற ரப்பர் முனைப் பென்சில் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். வேலைக்கு உதவினால் எந்தப் புதுமையும் அவருக்குச் சம்மதம்தான்.

நான் சேர்ந்து நாலைந்து வருடம் கழிந்திருக்கும். ஒரு பகல் பரமலிங்கம் அண்ணை, மனைவி புவனேஸ்வரியக்கா, மகள் மூவருமாகக் கடைக்கு வந்தார்கள். அண்ணையை எனக்கு ஹொட்டேல் குசினிக் காலத்திலிருந்தே தெரியும். நான் கோப்பை கழுவ, அவர் சூப் கிண்டியவர். நல்ல வாட்டசாட்டமான ஆள், அன்று பாதியாகி, முகம் மண் நிறத்தில் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள் என்று ஊர்க்கதையில் கேள்விப்பட்டிருந்தேன்.

மகள்தான் முதலில் பாதி ஜேர்மனும் பாதித் தமிழுமாகப் பொரிந்தாள். "ஒங்கிள், இந்தப் போன் கபுட், பழுது. நான்தான் அப்பாவுக்கு வாங்கிக் குடுத்தனான். ஸ்பித்தாலில இருந்து அப்பாவுக்குக் கோல் பண்ணியிருக்கினம், இது அடிக்கவேயில்லை."

புவனேஸ்வரியக்கா விளக்கினா. மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்போர் வரிசையில் அண்ணையின் பெயர் இருக்கிறது. பொருத்தமானது கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பார்கள், உடனே எடுக்கவேண்டும். போன கிழமை ஒரு மத்தியானம் அழைத்திருக்கிறார்கள். அண்ணை கிடைக்கவில்லை. அக்கா ஹொட்டேல் சலவைக்கூடத்தில் வேலை, அங்கே போனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். மகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அக்காவை ஒருவாறு பிடித்தபோது, அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அடுத்த முறை எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும் தம்பி?" என்றா அக்கா. "இவருக்குப் பொருந்துறது லேசில கிடையாதாம். இன்னொருக்கா விட்டமெண்டால்..."

"சத்தியமா அடிக்கேல்லை தம்பி" என்றார் அண்ணை. "போன் என்ர கையிலதான் இருந்தது."

நான் ஜேர்மனில் சொல்லி முடிக்கும்வரை பிரவ் ஓடர்மாட் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வழமைபோலப் போனை மேசையில் வைக்கச் சொன்னார். அமைப்புகளைப் பார்த்தோம். மணிச் சத்தம் உச்சத்தில் இருந்தது. எந்த எண்ணும் தடுக்கப்பட்டிருக்கவில்லை. சரி, வெளியே போய் நிற்கட்டும், நான் அழைக்கிறேன் என்றார். கடைப் போனிலிருந்து அழைத்தால் திரையில் எண் விழாது. ஆஸ்பத்திரி அழைப்பும் அப்படித்தான் வரும் என்பது அவர் கணக்கு. நானும் அண்ணையும் பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். அக்கா கடை வாசலில் நின்றா.

மணி அடித்தது. தெருவின் அந்தப் பக்கம் நின்ற கிழவி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அடித்தது. அண்ணை போனைப் பார்த்தார். திரையில் எண் இல்லை. அவருடைய பெருவிரல் போய்ச் சிவப்பை அழுத்தியது. மணி நின்றது. இடது கை சட்டைப் பொக்கெற்றுக்குள் போய், வெளிநாட்டு அழைப்புக் கார்ட் ஒன்றைப் பாதி வெளியே இழுத்துவிட்டது.

"அண்ணை, என்ன செய்யிறீங்கள்?"

"தங்கச்சி எடுக்கிறாள்போல. வெட்டிப்போட்டுத் திருப்பி..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இப்ப உள்ளுக்க இருந்து அந்த அம்மா எடுக்கப்போறா எண்டு உங்களுக்குத் தெரியும் எல்லோ?"

"ஓம்" என்றார். வேறு யாருடைய கையோ என்பதுபோலத் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கக்கூடாது, உடனே வெட்டவேண்டும். எடுத்தால் அங்கே அவர்களுடைய காசு ஓடும். வெட்டிவிட்டு நாங்கள் கார்ட் போட்டுத் திருப்பி எடுக்கவேண்டும். இங்கே உழைக்கிறவன் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது. ஊர் அழைப்புகள் பெரும்பாலும் எண் இல்லாமல்தான் வரும். எண் இல்லையென்றால் ஊர், ஊரென்றால் வெட்டு. பதினைந்து வருடம் இப்படியே செய்து வந்தால், மூளையிடம் கேட்காமலே விரல் தன் வேலையைச் செய்துவிடும். என் விரலும் அப்படித்தான் செய்திருக்கும்.

அண்ணை தரிப்பிட வாங்கில் உட்கார்ந்துவிட்டார். "அண்டைக்கு மத்தியானம் நான் தங்கச்சிக்கு எடுத்தனான் தம்பி. ‘நான் எடுக்கேல்லையே அண்ணை’ எண்டாள். ‘அப்ப ஆர் எடுத்தது, பேயோ?’ எண்டு ரெண்டு பேரும் சிரிச்சம். சிரிச்சுப்போட்டு ஒரு மணித்தியாலம் கதைச்சம். இடைக்கிடை ரிக் ரிக் எண்டு சத்தம் கேட்டது. கார்ட் முடியப்போகுதாக்கும் எண்டு நினைச்சன்."

அந்த ரிக் ரிக் என்ன சத்தம் என்று மூன்று பேருக்கும் விளங்கியது. ஆஸ்பத்திரி திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறது. ஒரு மனிதனுடைய உயிர் அவர் காதுக்குள்ளேயே வந்து தட்டியிருக்கிறது. வாசலிலிருந்து வந்த புவனேஸ்வரியக்கா, "தொட்டில் பழக்கம் சுடுகா..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவருடைய தோளில் கையை வைத்தா.

உள்ளே போய்ப் பிரவ் ஓடர்மாட்டுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. "ஒருவர் உங்களோடு கதைக்க விரும்பி அழைக்கிறார், நீங்கள் வெட்டுகிறீர்கள். அது அன்பா?" என்று கேட்டார். "ஓம், அதுதான் அன்பு" என்றேன். இனிமேல் வெட்டாதீர்கள் என்று அண்ணைக்குப் புத்தி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு: "தலைக்குப் புத்தி சொல்லலாம். விரலுக்குச் சொல்ல முடியாது. விரலிடமிருந்து வேலையைப் பிடுங்கவேண்டும்."

நான் கெட்டிக்காரனாகச் சாதாரணப் பொத்தான் போன் ஒன்றைக் கொண்டுவந்தேன். புது இலக்கம், ஆஸ்பத்திரிக்கு மட்டும். அழைத்துப் பார்த்தோம். மணி அடித்தது, அண்ணை சிவப்புப் பொத்தானை அழுத்தினார். "ஐயோ!" என்றார். இன்னொரு தரம் அழைத்தோம். இன்னொரு தரம் வெட்டினார்.

பிரவ் ஓடர்மாட் பின்னறைக்குப் போய், யாரும் கேட்காமல் கிடந்த மடிக்கிற போன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மூடி திறந்தால் அழைப்பு தானாக இணையும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். மூடியிருக்கும்போது வெளியே அழுத்த எந்தப் பொத்தானும் இல்லை, வெட்ட நினைத்தாலும் திறந்துதான் ஆகவேண்டும். திறந்தால் மற்றப் பக்கத்தில் ஆள் வந்துவிடுவார். அழைத்துப் பார்த்தோம். அண்ணையின் பெருவிரல் மூடிக்கு மேல் சிவப்பைத் தேடித் தடவியது, கிடைக்கவில்லை, மூடியைத் திறந்தது. உள்ளிருந்து பிரவ் ஓடர்மாட்டின் "குறுயெற்சி" என்ற வணக்கம் வந்தது. புவனேஸ்வரியக்கா கைகூப்பிவிட்டா.

ஆனால் அண்ணைக்கு முகம் தொங்கிப்போனது. "அப்ப மகள் வாங்கித் தந்ததை எறியட்டோ? கிழமைக்கு மூண்டு நாள், நாலு நாலு மணித்தியாலம் கட்டிலில கிடக்கிறன் தம்பி. இதில பாட்டுக் கேப்பன், கிரிக்கெட் பாப்பன், நியூஸ் பாப்பன். இது இல்லாட்டி ஆஸ்பத்திரிச் சுவரைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கவேணும்."

அதுவும் நியாயம்தானே. பொத்தான் போன்தான் உத்தமம், மற்றதெல்லாம் ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் நாலு மணித்தியாலம் ஊசியோடு கிடந்து பார்க்கவேண்டும். பிரவ் ஓடர்மாட் ஒத்துக்கொண்டார். அது கட்டிலில் கிடக்கிற நேரத்துக்கு, இது அந்தக் கட்டிலைவிட்டு எழும்புவதற்கு. இரண்டும் இருக்கட்டும் என்றார்.

"ரெண்டு போன் வைச்சிருந்தால் சனம் என்ன நினைக்கும்?" என்றார் அண்ணை.

"கிட்னி கிடைக்காட்டில் சனம் மாலையோட வரும், பரவாயில்லையோ?" என்றா அக்கா.

புது இலக்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, மனைவிக்கும் கொடுக்கக்கூடாது என்றார் பிரவ் ஓடர்மாட். நான் பயந்து பயந்துதான் அதை மொழிபெயர்த்தேன். அக்கா சிரித்துவிட்டு, "அவ சொல்லுறது சரி. நான் எடுத்தால் பால் வாங்கச் சொல்லத்தான் எடுப்பன்" என்றா. கடைக்கு மட்டும் விலக்கு. விரல் பழகும்வரை நாளுக்கொரு தரம், நேரம் மாற்றி மாற்றி, எண் விழாமல் நான் அழைத்துப் பார்க்கவேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் கதைக்கக்கூடாது.

பொக்கெற்றில் போட்டால் மறப்பார் என்று அக்கா அந்தப் போனை மஞ்சள் நாடாவில் கோர்த்து அவருடைய கழுத்தில் மாட்டிவிட்டா. கோயிலில் சட்டை கழற்றி நிற்கும்போதும் வெறும் நெஞ்சில் அது தொங்கும். "அண்ணைக்குத் தாலி கட்டியாச்சு" என்று சனம் பகிடி பண்ணியது. "ஓம், இந்தத் தாலியை நான்தான் கட்டினனான்" என்று அக்காவும் விட்டுக்கொடுக்கமாட்டா.

நான் அழைக்கத் தொடங்கினேன். முதல் கிழமை மூடியைத் திறந்துவிட்டுப் பேசாமல் நிற்பார். பிறகு இந்த நாட்டு வழக்கப்படி "பரமலிங்கம்" என்று விறைப்பாகத் தன் பெயரைச் சொல்லப் பழகினார். குரலைக் கேட்டதும், "அட, நீரோ. நான் கிட்னியாக்கும் எண்டு நினைச்சன்" என்பார்.

"உங்கட கிட்னிக்குத் தமிழ் தெரியாது அண்ணை. வையுங்கோ, லைனை விடுங்கோ."

"ஒரு நிமிசம் தம்பி, நேற்று மட்ச் பாத்தனீரோ?"

"வையுங்கோ எண்டால் வையுங்கோ!"

விரல் எப்போதோ பழகிவிட்டது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை, பிரவ் ஓடர்மாட்டும் நிறுத்தச் சொல்லவில்லை. மாரி வந்து போனது. ஒரு முறை நொஷாட்டலில் உறவினர் கலியாணத்துக்குப் போனவர் ரயில் குகைக்குள் லைன் கிடைக்காமல் இருக்க, நான் கடையில் நின்று வேர்த்து விறுவிறுத்தேன். அண்ணையின் குரல் மெலிந்துகொண்டு வந்தது. மட்ச் பற்றிக் கேட்பதைக்கூட விட்டுவிட்டார். அரை நிமிடம் முடிவதற்கு முன் அவரே வைத்துவிடுவார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வையுங்கோ என்று நான் அதட்டுகிற காலமே நல்ல காலம் என்று பட்டது.

பனி கரைந்து ஏரிக்கரையில் உல்லாசப் பயணிகள் கூடத் தொடங்கிய ஒரு முற்பகல், வழமைபோல அழைத்தேன். லைன் பிசி.

பிழையாக அழுத்திவிட்டேன் என்று நினைத்து, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து மறுபடி அழைத்தேன். பிசி. அந்த இலக்கம் உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒரு இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

பிரவ் ஓடர்மாட் ஒரு வாடிக்கையாளருக்குப் போன் உறை காட்டிக்கொண்டிருந்தார். "லைன் பிசி" என்று மட்டும் சொன்னேன். யாருடைய லைன் என்று அவர் கேட்கவில்லை. உறையை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, "இனி எடுக்காதே, அந்த லைனை விட்டுவிடு" என்றார். கையிலிருந்த கடைப் போனை அதன் இடத்தில் வைத்தேன்.

பிறகு இரண்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. அக்காவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மகளுடையது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நான் அந்த இரண்டு நாளும் விற்ற போன்களில் எதைப் பற்றியும் எனக்கு ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் புவனேஸ்வரியக்கா தனியே வந்தா. கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. நேரே வந்து, மஞ்சள் நாடாவோடு அந்தப் போனை மேசையில் வைத்தா. பிரவ் ஓடர்மாட் கதிரையை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டார்.

"அக்கா..." என்றேன்.

"இனி இது தேவையில்லையாம் தம்பி" என்றா. மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு வெடித்தா: "அவர் சலம் விட்டிட்டார்! ரெண்டு வருசமா ஒரு சொட்டு வராத மனுசன். புதுக் கிட்னியால பை நிறைஞ்சு போச்சு தம்பி! நேர்ஸ்பிள்ளையள் அளந்து அளந்து சிரிக்கினம். நான் அதைப் பாத்துப் பாத்து ரெண்டு நாளா அழுறன்!"

பிரவ் ஓடர்மாட் என் சட்டையைப் பிடித்து இழுத்து என்ன, என்ன என்று கேட்டார். இத்தனை வருடம் ஜேர்மனில் வியாபாரம் பேசியவனுக்கு அதற்கு ஒரு மரியாதையான சொல் வாயில் வரவில்லை. பிள்ளைகள் மூத்திரத்துக்குச் சொல்கிற சொல்லால் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். போன் வாங்க வந்து நின்றவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோயில்ல பொங்கப்போறன்" என்றா அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு விளக்கும் ஏத்துவன். ஒண்டு எங்கட மனுசனுக்கு. மற்றது அதைத் தந்துபோட்டுப் போன சீவனுக்கு. ஆர் பெத்த பிள்ளையோ, பேர்கூடச் சொல்லமாட்டினமாம். அந்த அம்மாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ தம்பி."

மொழிபெயர்த்தேன். எந்த நாள் என்று மட்டும் கேட்டார் பிரவ் ஓடர்மாட். அந்த நாளில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டாவது விளக்கைத் தானே ஏற்றலாமா என்று கேட்டு ஏற்றினார்.